‘தொடர்ந்து வர வாய்ப்பில்லை’ என்றொரு முத்திரை

ஒருவர் நம் முன்னால் முதல் முறையாக வந்து உட்கார்ந்திருக்கும்போதே, அவர் இரண்டாம் முறை வரமாட்டார் என்பது நமக்கு எப்படித் தெரிந்துவிடுகிறது?

மூன்று ஆண்டுகள் மருந்து ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்க்கும் வேலையைப் பார்த்தேன். விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. பதில் இன்னும் தெரியவில்லை. தெரியாத ஒருத்தியைத்தான், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அனுபவம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில், இடுப்பில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையுமாக, மருத்துவமனை இதழில் ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கத்தில் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். படிவங்களை எப்படி நிரப்புவது என்பதைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அங்கே சொல்லித் தராததில் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கண் மருத்துவமனை திருப்பூருக்கும் பெருமாநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது அங்கே மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். கண் நீர் அழுத்த நோய்க்கான புதிய சொட்டு மருந்து ஒன்றைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு அது. வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய் என்பது உங்களுக்குத் தெரியும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். எந்தப் புட்டியில் எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புட்டியில் ஓர் எண் மட்டும் இருக்கும். சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மாதா மாதம் வரவேண்டும். மருந்தும் பரிசோதனையும் இலவசம். மாதா மாதம் ஒரு டாக்டர் கண்ணைப் பார்த்துவிடுவார் என்பது அந்த நோய்க்காரருக்கு மருந்தைவிடப் பெரிய லாபம்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ‘இனம்’ என்று ஒரு வரிசை இருந்தது. வெள்ளையர், கறுப்பர், ஆசியர், மற்றவர் எனச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். இதில் நம் ஆட்களுக்கு என்ன போடுவது என்று கேட்டேன். ஆய்வைச் சரிபார்க்கப் பெங்களூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கண்காணிப்பாளர், எல்லோருக்கும் ஆசியர் என்றே போட்டுவிடுங்கள் என்றார். அன்றைக்கு அவர் கொஞ்சம் ஓய்வாக இருந்ததால் காரணத்தையும் விளக்கினார். இதுபோன்ற ஆய்வுகளில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கண்களைத்தான் பார்த்திருக்கிறார்களாம். மற்ற இனத்தவர்களை அதிகம் சேர்ப்பதில்லையாம். கேட்டால், அவர்கள் தொடர்ந்து வரமாட்டார்கள், மொழி புரியாது, முகவரி நிலையாக இருக்காது என்று காரணம் சொல்வார்களாம். கடைசியில் மருந்து கடைக்கு வரும்போது அது அவர்கள் கண்ணில் எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாதாம்.

கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவரைக் கேட்காமலே அவர் வரமாட்டார் என்று எப்படி முடிவு செய்யலாம்? வீட்டுக்குப் போய்க் கணவரிடம்கூட நியாயம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். போய் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்களுக்கு இருபத்திரண்டு பேர் வேண்டியிருந்தது. தகுதியுள்ள நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநோயாளிகள் வரிசையில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர்கள், அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த ஒரிசா, பீகார்க்காரர்கள். டாக்டரம்மா முதல் நாளே பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நம்ம பக்கத்து ஆளுங்களாப் பாரும்மா. வந்துட்டுப் போயிட்டு இருப்பாங்க. அவங்கெல்லாம் தீபாவளிக்கு ஊருக்குப் போனா அப்படியே நின்னுக்குவாங்க.”

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாதியில் நின்றுவிடுகிறவர்கள் அதிகமானால் ஆய்வே வீணாகிவிடும். நான் உடுமலைப்பேட்டைக்காரி. நம் பக்கத்து ஆட்கள் என்றால் பேசவும் எளிது. வீட்டில் போன் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் இருக்கும். நினைவுபடுத்தினால் ஆமாங்க கண்ணு என்பார்கள், சொன்ன நாளில் இளநீரோடு வந்து நிற்பார்கள். முதலில் சேர்ந்தவர் கொமரலிங்கத்து விவசாயி ஒருவர். அவர் மைத்துனரை அழைத்து வந்தார். மைத்துனர் தன் சம்பந்தியை அழைத்து வந்தார். நாங்கள் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை.

சேர்க்காதவர்களுக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொருவரையும் ஏன் சேர்க்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். ‘தொடர்ந்து வர வாய்ப்பில்லை’ என்று தினமும் எழுதிக் கை வலித்தது. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அதையே ரப்பர் முத்திரையாகச் செய்து வாங்கிக்கொண்டேன். கண்காணிப்பாளர் அதைப் பார்த்து, இவ்வளவு நேர்த்தியான பதிவேட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

சுதாம் வந்தது அந்த நாட்களில்தான். அது இங்கே எழுதுவதற்காக நான் வைத்த பெயர். ஒரிசாக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவரை அழைத்து வந்தவர் அந்தக் கம்பெனியின் தென்பக்கத்து சூப்பர்வைசர்.

“நல்ல பய மேடம். லீவே போட மாட்டான். ஆனா சைடுல ஆள் வந்து நின்னாத் தெரிய மாட்டேங்குதுங்கான். நேத்து ஒரு பிள்ளை மேல அயர்ன் பாக்ஸை வைக்கப் போயிட்டான்.”

பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. பார்வை அப்போது பெரிய அளவில் போகவில்லை. எங்கள் ஆய்வுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போன்ற நோயாளி. இலவச மருந்து, மாதா மாதம் பரிசோதனை என்று சூப்பர்வைசர் விளக்கியதும் சுதாம் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார்.

“மேடம், நான் வரும். எத்தினி தடவை சொன்னாலும் வரும்.”

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆங்கிலமும் வராது. இந்தி எழுத்துக்கூட்டி வாசிப்பான் மேடம் என்றார் சூப்பர்வைசர். ஒப்புதல் படிவத்தை நோயாளி தனக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எங்களிடம் தமிழும் ஆங்கிலமும்தான் இருந்தன. அவை மட்டும்தான் இருந்தன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேறெங்காவது போயிருப்பார். ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்களைக்கூடக் காப்பி கொடுத்து, கலந்து பேசிச் சொல்கிறோம் என்றுதான் அனுப்புவோம். அவர்களும் செருப்பை மாட்டும்போதே புரிந்துகொண்டு போய்விடுவார்கள்.

“இந்தி பாரம் வரட்டுங்க. வந்ததும் சொல்றேனுங்க” என்றேன்.

சுதாம் எழுந்து கும்பிட்டார். அவர் கதவைத் தாண்டியதும் முத்திரையை எடுத்தேன்.

இரண்டாவது சம்பவம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அடுத்த வைகாசியில் கொமரலிங்கத்து விவசாயியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெருமாநல்லூர். எனக்குப் பெண் வீட்டிலிருந்து ஒரு பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பத்திரிகை. இரண்டு பக்கத்திலும் எங்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் என் வருகைப் பதிவேடே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எதிரே நடமாடுவது போல இருந்தது. மகள் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தாள். நல்ல வேலை பார்க்கிறோம், நாலு பேர் நம்மை உறவாக நினைக்கிறார்கள் என்று நிறைவாகவும் இருந்தது. அந்த நிறைவோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

எதிர் வரிசையில் விவசாயியும் அவருடைய மைத்துனரின் சம்பந்தியும் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரசம் வருவதற்குள் இருவரும் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்தார்கள்.

“ஏனுங்க, இந்த மாசம் உங்குளுது எரியுதுங்களா?”

“இல்லீங்க. எரிஞ்சதெல்லாம் போன மாசம். உங்க புட்டி குளுகுளுன்னு இருக்குதுன்னீங்களே, இது அதாட்டவே இருக்குதுங்க.”

“அதே புட்டிதானுங்க. போன தடவை ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து மாத்திக்கிட்டமில்லைங்க. மறந்துட்டீங்களாக்கு.”

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டேன். எண் போட்ட புட்டி, சீல் வைத்த உறை, வெளிநாட்டில் பூட்டி வைத்திருக்கும் ரகசியப் பட்டியல் என அத்தனை ஏற்பாட்டையும், எங்கள் பெஞ்சிலேயே, எங்கள் மின்விசிறியின் கீழேயே முடித்துவிட்டார்கள். இலையைத் தாண்டிப் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். விவசாயிக்கு நான் ஏன் பதறுகிறேன் என்றே புரியவில்லை.

“நாங்க என்ன வேத்தாளா கண்ணு? சம்பந்தி மருந்து எனக்கு ஆகாதா? நீ போய் முதல்ல சாப்பிடு. புள்ளைய இங்க குடு.”

தொடர்ந்து வருவார்கள் என்பதற்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே உட்கார்ந்தார்கள், சேர்ந்தே மருந்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். எழுதினால் இரண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், கல்யாண வீட்டில் சங்கடமாகிவிடும், யோசித்துக்கொள் என்றார். நான் எதையும் பத்து முறை யோசிக்கிறவள். அன்றைக்கு யோசிக்கத் தொடங்கினால் எழுதமாட்டேன் என்று தோன்றியதால் உடனே எழுதி அனுப்பிவிட்டேன். அந்த மூன்று ஆண்டில் நான் தயங்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வாரமே கண்காணிப்பாளர் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். இருவரையும் நீக்கிவிட்டு, பத்து நாளுக்குள் வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பின்பக்க ஒயரைப் பார்க்கக் கொஞ்சம் நகர்த்தினார். ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அதன் முன்காலுக்கு அடியில் காக்கிக் காகிதம் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. இது என்ன என்று கேட்டார். தரை சமமாக இல்லை, அதனால் முட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றேன். குனிந்து அதை உருவிக் காகிதத்தைக் கிழித்தார்.

உள்ளே ஒப்புதல் படிவங்கள். இந்தியில். இந்தியாவில் இந்த ஆய்வு நடக்கும் எல்லா ஊர்களுக்கும் தொடக்கத்திலேயே அனுப்பியதுதானே, இது ஏன் பிரிக்கப்படவே இல்லை என்று கேட்டார்.

அந்தக் கட்டு வந்த நாள் எனக்கு நினைவிருந்தது. ஓரம் கிழிந்து இந்தி எழுத்து தெரிந்தது. நமக்கெதற்கு இது, வேறு ஊருக்குப் போகவேண்டியது தவறி வந்திருக்கும் என்று ஒதுக்கி வைத்தேன். ஃபிரிட்ஜ் ஆடியபோது கைக்கு எட்டியது அதுதான். சுதாம் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு நினைவில் இல்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். உண்மையிலேயே நினைவில் இல்லையா, நினைக்க வேண்டாம் என்று இருந்தேனா என்பது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நாலடி இருக்கும்.

இரண்டு இடம் காலியாக இருந்தது, கையில் படிவமும் இருந்தது. சுதாமின் வெளிநோயாளி அட்டையைத் தேடி எடுத்தேன். முகவரிக்கு நேரே கம்பெனியின் பெயர் மட்டும். போன் எண்ணுக்கு நேரே ஒரு கோடு. சூப்பர்வைசரின் எண்ணையாவது நான் கேட்டு எழுதியிருக்கலாம். ஆனால் அட்டையின் பின்பக்கம் காலியாக இல்லை. முன் கவுண்டர் பெண் மாதத்துக்கு ஒன்றாக நான்கு தேதிகளில் நான்கு வரி எழுதியிருந்தாள். நான்கும் ஒன்றுதான்: ‘ஸ்டடி மேடத்தைப் பார்க்க வந்தார். பாரம் வந்துவிட்டதா என்று கேட்டார். மேடம் இல்லை.’

நான் ஏன் இல்லை என்று, தேதிக்குப் பக்கத்தில் குறித்திருந்த நேரத்தைப் பார்த்தேன். நான்கு முறையும் மதியம் ஒன்றேகாலுக்கு வந்திருக்கிறார். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். ஒன்றிலிருந்து இரண்டு வரை நான் வீட்டுக்குப் போய் மகளுக்குப் பாலும் சோறும் கொடுத்துவிட்டு வருவேன். அது எனக்குச் சிறப்பு அனுமதி. நான் ஒரு நாளும் தாமதமாகத் திரும்பியதில்லை. அவரும் ஷிப்டுக்குத் தாமதமாகப் போயிருக்கமாட்டார். தொடர்ந்து வர வாய்ப்பில்லாதவர் நான்கு மாதம் தொடர்ந்து வந்திருந்தார். கவுண்டர் பெண் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். ‘நீங்கதானுங்க அக்கா, இந்திக்காரங்க வந்தா அப்புறம் பார்க்கலாம்னு அனுப்பிருன்னு சொன்னீங்க’ என்றாள். சொல்லியிருந்தேன்தான்.

அந்தக் கம்பெனிக்குப் போனேன். யூனிட்டை மூடி இரண்டு மாதமாகியிருந்தது. ஆட்கள் வெவ்வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள் என்றார் எதிரே இருந்த டீக்கடைக்காரர். மூன்று நாள் மதியம் மகளுக்குச் சோறூட்டிய கையோடு ஸ்கூட்டியில் சுற்றினேன். கிடைக்கவில்லை. பத்து நாள் முடிந்தது. காலியான இரண்டு இடங்களில் ஒன்றில் கொமரலிங்கத்து விவசாயியின் பெரியப்பா மகன் சேர்ந்தார். இன்னொன்றில் புது மாப்பிள்ளையின் தாய்மாமன்.

ஆய்வு முடிந்தபோது நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாக இடம்பெறாத மக்களைச் சேர்ப்பதில் எங்கள் மருத்துவமனை முன்மாதிரியாக விளங்கியதற்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். டாக்டரம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். முட்டை கலக்காத கேக் வெட்டினோம். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் பார்ப்பது அந்தக் கடிதம்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு பாடமாக மடித்து உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். கட்டுகளை வந்த அன்றே பிரியுங்கள், வரமாட்டார் என்று எழுதும் முன் வருவீர்களா என்று கேளுங்கள், அவ்வளவுதான். ஆனால் இத்தோடு முடியவில்லை.

இரண்டாவது குழந்தைக்காக வேலையை விட்டேன். மகள் யு.கே.ஜி. போன முதல் நாள், பள்ளி வாசலில் நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் பிள்ளைகளைச் சாலை கடத்தி விட்டுக்கொண்டிருந்தார். நான் மகளிடம், தண்ணி குடிக்க மறக்காதே கண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் வந்த பக்கம் அவர் உடம்போடு திரும்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“மேடம், பாரம் வந்துச்சுங்களா?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். தமிழ் நன்றாக வந்திருந்தது. எங்களைப் போலவே பேசினார்.

“இல்லீங்க” என்றேன். “வரவே இல்லீங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சுற்றிலும் பிள்ளைகள், மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள், மணி அடிக்கிறது. காரணங்கள் என்னிடம் எப்போதும் இருக்கும்.

அவர் மெதுவாகத் தன் கதையைச் சொன்னார். யூனிட் மூடிய பிறகு இன்னொரு கம்பெனி. முதல் நாள் வெளிநோயாளிப் பிரிவில் எழுதிக் கொடுத்த மருந்து தீர்ந்தபோது வலியில்லாததால் விட்டுவிட்டார். ஒரு நாள் இடது கை அயர்ன் பெட்டியில் பட்டு வெந்துபோனது. கை அங்கே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. பிறகு இந்த வேலை. போன வருடம் ஊரிலிருந்து மனைவியையும் அழைத்து வந்துவிட்டார்.

“லெஃப்ட் சைடு மட்டும் இருட்டுங்க. ஸ்கூல்ல சொல்லலீங்க. நீங்க ஆஸ்பத்திரி மேடம், அதனால சொல்றேனுங்க.”

அந்த வாரமே அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். இடது கண்ணில் நடுவே ஒரு சாவித் துவாரம் அளவுக்குத்தான் மிச்சம். வலது கண் பரவாயில்லை, காப்பாற்றிவிடலாம். ஆய்வில் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காதா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பி அந்த நான்கு வரிகளைப் பார்த்தார். மாதா மாதம் யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். இப்போது மாதா மாதம் நான் போன் செய்து அவருக்கு நினைவுபடுத்துகிறேன். ஒரு முறைகூட அது தேவைப்பட்டதில்லை. நான் பேசத் தொடங்குவதற்குள், போயிட்டு வந்துட்டேனுங்க மேடம் என்பார்.

அவர் பிள்ளைகளைக் கடத்தி விடும் விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மற்றவர்கள் போலத் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பதில்லை. கம்பெனி வேன் வருகிறதா என்று இடுப்போடு, காலோடு, முழு உடம்பையும் இடது பக்கம் திருப்பிப் பார்ப்பார். மறுபடி வலது. மறுபடி இடது. என்ன அக்கறை பாருங்க என்று அம்மாக்கள் எல்லாம் சொல்கிறார்கள். அந்த அக்கறைக்குப் பெயர் என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். அதனால் தினமும் மாலை மூன்றரைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் அவருடைய இடது பக்கத்தில் நின்றுகொள்கிறேன். நான் ரொம்பப் பொறுப்பான அம்மா என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்கு முன் பெற்றோர் குழுவில் இருக்கும் ஒரு அம்மா வீட்டுக்கு ஒரு தாளோடு வந்தார். பள்ளிக்கு எழுதிய வேண்டுகோள். முப்பது நாற்பது கையெழுத்து விழுந்திருந்தது.

“அந்த வாட்ச்மேனாட்டப் பார்த்துத் தாட்டி விடறதுக்கு ஆளே இல்லீங்க. ஜூன்ல இருந்து அவரை மெயின் ரோடு கிராசிங்ல நிறுத்தச் சொல்லிக் கேக்கறோமுங்க. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

மெயின் ரோடு என்றால் பஸ், லாரி, சாயப்பட்டறைத் தண்ணீர் டேங்கர் எல்லாம் போவது.

“பார்த்துட்டுச் சொல்றேனுங்க” என்றேன். தாளை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே சுதாமைப் பார்த்து, வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஏனுங்க மேடம்? ஒரு வருசமா ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்குதுங்களா? எனக்கு என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அதான் திரும்பித் திரும்பிப் பார்க்கறேன். அன்னைக்கும் நான் வரும்னு சொன்னேன், வந்தேன். இதுவும் முடியும்னு சொல்றேனுங்க.”

அவருக்கு முடியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் பார்த்தால் நான் மறுபடி அதே முத்திரையை எடுத்துக்கொண்டு நிற்கிறேன். இன்னொரு பக்கம் அது என் மகள் கடக்கிற சாலை. பள்ளியிடம் சொன்னால் அவருடைய வேலையே போகலாம். நோயாளி சொன்னதை வெளியே சொல்லாதே என்பதும் இந்த வேலையில் நாம் முதலில் படித்தது. வேலையை விட்ட பிறகும் அது என்னைக் கட்டுப்படுத்துமா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டேன், நீ இப்போது எங்கள் ஊழியர் இல்லை, ஒரு அம்மா, யோசித்துக்கொள் என்றார். கணவர், சொல்லிவிடு என்றார். சாப்பிட்டு முடித்தபின், சொல்லாதே என்றார். படிவம் வந்திருந்தது, அது ஃபிரிட்ஜுக்கு அடியில் இருந்தது என்று முதலில் சுதாமிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டுமோ என்றும் தோன்றுகிறது. அது அவருக்கு உதவுமா, என் மனதுக்கு மட்டும் உதவுமா?

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவருடைய அட்டையும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்கள் என் இடத்தில் இருந்தால் யாரிடம் எதை முதலில் சொல்வீர்கள், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவீர்களா மாட்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள். பள்ளி திறக்கும் முன் வேண்டும். தாளை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல், கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.